மூடியில் வைத்த சந்தனம்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. அரிவாள்மனையில் தொடங்கி அப்பாவின் ஸ்பேனர் வரை ஒன்றையும் விடமாட்டேன். என்னைக் கேட்காமல் யாராவது ஒரு மண்வெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டால், பொரிகடலை வேண்டாம் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், நான்காம் வகுப்பு படித்த வருஷம், ஒரு டிராக்டருக்குப் பொட்டு வைத்தே அதன் மூச்சை நிறுத்தினேன்.

அந்த டிராக்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் வானூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா ஆறு வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டினார். திரும்பி வந்தபோது ஒரு பெட்டி நிறையப் பவுடர் டப்பாவும், இனிமேல் சொந்தக் கழனியில்தான் பாடுபடுவேன் என்ற பிடிவாதமும் கொண்டுவந்தார். வந்த கையோடு ஒரு குட்டி டிராக்டர் வாங்கினார். பெரிய டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் இடுப்புக்குத்தான் வரும். எங்களுடையவை கையகலக் கழனிகள். வரப்பை மிதிக்காமல் திரும்ப அதுதான் தோது என்பது அப்பாவின் கட்சி.

பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பாவிடம் பெரிய டிராக்டர் இருந்தது. அவர் இதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, திருவிழாவுல ராட்டினத்துல காரு சுத்துமே, அதுல ஒண்ண அவுத்துக்கினு வந்துட்டியா?" என்றார். அன்றிலிருந்து ஊர் முழுக்க அதற்கு ராட்டினம் என்றே பெயர். அப்பாவும் சிரித்துக்கொள்வார். அம்மாதான் சிரிக்கமாட்டாள்.

எனக்கு அந்தக் கேலியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. என் கவலை வேறு. புரட்டாசி பிறந்ததிலிருந்து ஒரு ஏஜெண்ட் அப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். அதே கம்பெனி, அதே லாரி, மறுபடி வருகிறாயா என்று. அப்பா "சொல்றேங்க, சொல்றேங்க" என்று இழுப்பார். அம்மா ஒருநாள் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்து, எட்டும்படியான இடத்தில் வைத்ததைப் பார்த்தேன். "இந்தச் சம்பாவுக்கு ஓட்டிப் பாரு. தேறலைன்னா ஜல்தியா பிளேன் ஏறு" என்று பெரியப்பா சொன்னதையும் கேட்டேன். எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. வண்டி ஓடினால் அப்பா இருப்பார். வண்டி படுத்தால் அப்பா போய்விடுவார். அதற்கு முன்பு ஆறு வருஷம் எனக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் வரும் ஒரு குரல்தான். மறுபடியும் அந்தக் குரலிடம் என் மார்க்கைச் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை.

அதனால் அந்த வருஷம் பொட்டு வைப்பதில் தனிக் கவனம் எடுத்துக்கொண்டேன். நாலு சக்கரத்துக்கும் வைத்தேன், விளக்குக்கு வைத்தேன், சைலன்சருக்குக்கூட வைத்தேன். கடைசியாக டீசல் டேங்க் மூடிக்கு வந்தேன். வண்டி சாப்பிடுவதே இந்த வழியாகத்தான், ஆகவே சாமி இங்கேதான் நிற்க வேண்டும் என்பது என் முடிவு. மூடியின் நடுவில் என் விரல் நுனிக்கு அளவெடுத்தாற்போல் ஒரு சின்னக் குழி இருந்தது. குழிக்குள் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் செய்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து மகிழ்ந்தேன். "எங்கப்பா போவக் கூடாது" என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லி, குழி நிரம்பச் சந்தனத்தை வைத்து அழுத்தினேன். அதன்மேல் குங்குமம். அப்பா எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி நசுக்கிவிட்டு நிறுத்தினார்.

மறுநாள் விஜயதசமி. ராட்டினம் முதன்முதலாகச் சேடை ஓட்டப்போகிறது. தண்ணீர் கட்டிய கழனியை நடவுக்குச் சேறாக அடிப்பதைத்தான் எங்கள் பக்கம் சேடை என்போம். அடுத்த நாளுக்கு நடவு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு நாளை விட்டால் அவர்கள் வேறு கழனிக்குப் போய்விடுவார்கள். நாற்றங்காலில் நாற்று ஏற்கெனவே முற்றத் தொடங்கியிருந்தது.

வண்டி கழனியில் இறங்கி, அழகாக இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் இருமியது. நடுக்கழனியில், முழங்கால் சேற்றில், நின்றுவிட்டது.

அப்பா மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். டீசல் இருந்தது. ஃபில்டரைக் கழற்றிப் புதுசு மாட்டினார். அப்புறம் காற்று எடுத்தார். டீசல் வரும் குழாயில் காற்று புகுந்துவிட்டால் என்ஜின் ஓடாது. ஒரு திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் நுரை நுரையாக டீசல் வரும். நுரை நின்று, டீசல் தெளிவாக வந்தால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். திருகை இறுக்கிச் சாவியைத் திருப்பினார். வண்டி உறுமியது. நான் வரப்பில் குதித்தேன். பத்து நிமிஷம். மறுபடி இருமல், மறுபடி மௌனம்.

மூடியைத் திறப்பதிலிருந்து இப்படியே மூன்று தடவை. திண்டிவனத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டார். பம்ப் போயிருக்கும், கழற்றிக் கொண்டுவாருங்கள், ஒரு வாரம் ஆகும் என்றார் அவர். ஒரு வாரத்தில் நாற்று மாட்டுக்குத்தான் ஆகும்.

பெரியப்பா குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். "பேஜாரு புடிச்ச வண்டிடா இது. என் வண்டிய அனுப்பட்டா? வரப்பு ஒண்ணு ரெண்டு ஒடையும், ஒடைஞ்சா கட்டிக்கலாம்."

"இருக்கட்டும்ணா. பாத்துக்கினுதான இருக்கேன்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் தனியாகப் போய் இரண்டு நிமிஷம் பேசினார். மறுபடி மெக்கானிக்கைத்தான் கெஞ்சுகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் அம்மா கொண்டுவந்திருந்த கேப்பைக் கூழை வாங்கி, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தார். பெரியப்பா ராட்டினம் என்று ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மனுஷர் போவதென்றே முடிவு செய்துவிட்டார், அதனால்தான் இந்தச் சிரிப்பு.

அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா இருக்கும் இடத்தில் அவள் அப்பாவிடம் நேராகப் பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுவாள், நான் போய்ச் சொல்ல வேண்டும். அன்றும் என்னை இழுத்து உட்காரவைத்துக் காதோடு சொன்னாள்.

"மூடியத் தொறக்கும்போதெல்லாம் புஸ்ஸுன்னு சத்தம் வருது, கேட்டியா? அப்புறம் கொஞ்ச நேரம் ஓடுது. எண்ண டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டா எண்ண ஊத்துமா? காத்து போவ இன்னொரு ஓட்ட வேணுமில்ல? மூடியில எங்கனா ஓட்ட இருந்து அடைச்சிக்கினு இருக்குதான்னு பாக்கச் சொல்லு உங்கப்பாவ."

எனக்கு ஓட்டை இருப்பதும் தெரியும், அடைத்தது யார் என்பதும் தெரியும். அதை அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டியவளும் நானே. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் என்பதை மறைப்பானேன். ஆனால் சொல்லாவிட்டால் அப்பா பிளேன் ஏறிவிடுவார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். வண்டி வரை போய்ச் சேர்வதற்குள் அழுதுவிட்டேன். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். என் பங்கை மட்டும் சொல்லவில்லை.

அப்பா மூடியைத் திறந்தார். புஸ் என்றது. திருப்பி உள்பக்கத்தில் வாயை வைத்து ஊதினார், காற்று போகவில்லை. மறுபடி திருப்பினார். குழிக்குள் என் சந்தனம் சிமெண்டு போலக் காய்ந்திருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் சேற்றைப் பார்த்தேன். அதற்குள் அம்மா வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். நான் மறுபடி போய் வாங்கிவந்தேன். அப்பா குத்தினார். சந்தனம் பொடிப்பொடியாக உள்ளங்கையில் விழுந்தது. அதை அவர் கீழே தட்டவில்லை. எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.

"இன்னாடா ஆச்சி?" என்று வரப்பிலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லணா. தூசி."

காற்று எடுத்துச் சாவியைத் திருப்பினார். நான் சுற்றுகளை எண்ணினேன். மூன்று போயிற்று, ஐந்து போயிற்று, பத்தும் போயிற்று. வண்டி இருமவில்லை. பொழுது சாய்வதற்குள் மொத்தக் கழனியும் கூழ்போல ஆகிவிட்டது. வரப்பு ஒன்றுகூட உடையவில்லை. "ராட்டினம் சுத்துதுடா" என்று பெரியப்பா குடையை மடக்கிக்கொண்டு போனார். அவர் குரலிலும் சந்தோஷம்தான் இருந்தது. அன்று சாயங்காலம் எனக்குள் வந்து இறங்கிய நிம்மதியை, பிற்பாடு பரீட்சை பாஸானபோதும் வேலை கிடைத்தபோதும்கூட நான் அனுபவித்ததில்லை. மறுநாள் நடவு முடிந்தது. ஏஜெண்ட் அதற்கப்புறம் போன் செய்யவே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு மேல் ரேஷன் கார்டு ஏறியது.

அதற்குப் பிறகு எந்த ஆயுத பூஜைக்கும் நான் டேங்க் மூடிப் பக்கம் போனதில்லை. ஒவ்வொரு வருஷமும் அப்பா, "மூடிய வுட்டுட்ட பாரு பாப்பா" என்று சொல்லிக்கொண்டே, ஓட்டைக்குத் தள்ளி ஓரத்தில் அவரே ஒரு பொட்டு வைப்பார். ஊசி நுழையும் ஓட்டை ஒன்றினால் அப்பாவைப் பறிகொடுக்க இருந்தோம், அம்மாவின் ஊக்கு காப்பாற்றியது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷப் பூஜையன்று, சந்தனம் குழைத்துக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அன்னிக்கி கொட்டகைப் பக்கம் போய்ப் பேசினாரே, யாருகிட்டன்னு நெனச்சிக்கினு இருக்க?"

"மெக்கானிக்குகிட்ட."

"ஏஜெண்டுகிட்டடி. வரலைங்க, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தாரு."

நான் குழைப்பதை விட்டுவிட்டு அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அதைச் சொன்னபோது வண்டி நடுக்கழனியில் செத்துக் கிடந்தது. ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. மூடியில் என் சந்தனம் அப்படியே இருந்தது. திரும்பி வந்துதான் அவர் இரண்டு சொம்பு கூழ் குடித்தார்.