ஷிப்லி மச்சானின் கட்டத்தாள்

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குக் குடிபோவான். அப்படித்தான் என் மூத்த சகோதரி, றாத்தா றுஸ்னாவை முடித்து ஷிப்லி மச்சான் மருதமுனையிலேயே நாலு தெரு தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு றாத்தாவுக்குத்தான் என்பது நான் பிறந்ததிலிருந்தே தெரிந்த விஷயம். வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரும் கதிரையும் மச்சானுக்கே போகும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மச்சான் எட்டாம் வகுப்போடு தறியில் இறங்கியவர். அவருடைய வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த கிழமையே பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, வாப்பாவின் தறியில் பாதியில் நின்ற சாரத்தை நெய்து முடித்தாராம். நகக்கண்ணில் எப்போதும் நீலச் சாயம். எதையாவது எண்ணும்போது உதடு அசையும். சாரிக் கரைகளுக்குப் பூப்போட்டுக் கொடுப்பதில் அவருக்குப் பேர் இருந்தது. கட்டத்தாளில் ஒரு கட்டம் ஒரு நூல் என்று கணக்கு வைத்து வரைவார். நானோ பௌதிகவியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் முதலாவது ஆள். மூன்று வருடமாக அரசாங்க வேலை நியமனத்துக்குக் காத்திருந்தேன். என் படிப்பால் இன்ன பயன் என்று வாப்பா ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். அந்த மூன்று வருடமும் உண்மையில் அதற்குத்தான் காத்திருந்தேன்.

அதற்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது. நாவிதன்வெளியில் எங்கள் தென்னந்தோட்டத்துக்குள் குரங்குகள் இறங்கிக் குரும்பைகளைப் பிய்த்துப் போட்டன. அவற்றைக் கொல்ல வாப்பாவுக்கு மனமில்லை. மரங்களில் வெற்றுப் பால்மா டின்களைக் கட்டித் தொங்கவிட்டு, வாடிக் குடிசையில் இருந்தபடியே எயார் றைபிளால் டின்னில் சுடுவார். அந்தச் சத்தத்துக்குக் குரங்குகள் ஓடும். கண் மங்கத் தொடங்கியதும் துவக்குக்கு ஒரு ஸ்கோப் பூட்டினார். அதற்குப் பிறகு ஒரு குண்டும் டின்னில் படவில்லை.

"நான் சரியாக்கித் தாறன் வாப்பா" என்றேன்.

குறிபார்க்கும் தாள்களை இணையத்தில் எடுத்தேன். ஒவ்வொரு கட்டமும் ஓர் அங்குலம் என்று அதில் போட்டிருந்தது. மலிவாக முடியட்டும் என்று ஒரு பக்கத்துக்கு இரண்டாக அச்சடிக்கச் சொன்னேன். மரத்தில் ஒட்டிச் சுட்டபோது குண்டு ஆறு கட்டம் இடப்பக்கம் விழுந்தது. ஆறு அங்குலத்துக்குக் கணக்குப் போட்டு ஸ்கோப்பின் திருகைத் திருப்பினேன். அடுத்தது வலப்பக்கம் போனது. மறுபடியும் திருப்பினேன். திரும்பவும் இடப்பக்கம்.

"காணும் மகன், காணும். குண்டு முடியப் போகுது" என்றார் வாப்பா.

கூட வந்திருந்த மச்சான் தாளை விரலால் அளந்து பார்த்தார். "மச்சான், இது ஒரு இஞ்சி இல்லயே. சுருங்கிக் கிடக்கு" என்றார் என்னிடம்.

அச்சடிக்கும்போது கட்டங்களும் சேர்ந்து சுருங்கியிருந்தன. நான் அதைப் பார்க்கவேயில்லை.

மறுநாள் அவர் கழித்துப்போட்ட டிசைன் தாள்களைக் கொண்டுவந்தார். நூலுக்குப் போடும் கஞ்சியாலேயே அவற்றைக் காட்போட் மட்டையில் ஒட்டி, நடுவில் ஒன்பது கட்டத்தைக் கறுப்புச் சாயத்தால் நிரப்பியிருந்தார். குறி தயார்.

"எத்தின இஞ்சி எண்டு எனக்குத் தெரியத் தேவல்ல மாமா. பத்துச் சொடுக்குத் திருப்பிப் பாப்பம், குண்டு போடுற பூ எத்தின கட்டம் நகருது எண்டு."

இரண்டு கட்டம் நகர்ந்தது. மிச்சத்தை உதட்டால் எண்ணித் திருப்பினார். அடுத்த குண்டு கறுப்பில் விழுந்தது. திருகு அசைந்தால் தெரியட்டும் என்று, திருகுக்கும் குழாய்க்கும் குறுக்கே ஒரு வெள்ளை நூலைக் கஞ்சி போட்டு ஒட்டினார்.

"ஸ்கோப்புக்கும் கரை போட்டுட்டாரு மருமகன்!" என்று வாப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான நாளில்கூடப் பார்த்ததில்லை.

அஸர் தொழுகைக்கு இருவரும் பள்ளிக்குப் போனார்கள். நான் வாடியில் தனியே இருந்தேன். துவக்கைத் தொட்டுத்தான் பார்த்தேன் என்று இப்போதும் எழுத ஆசைதான். இல்லை. திருகைத் திருப்பினேன். ஒவ்வொரு சொடுக்கும் விரலுக்கு இதமாக இருந்தது.

அடுத்த நாள் காலை வாப்பா சுட்டார். டின் பேசாமல் தொங்கியது. பக்கத்துக் குலையில் ஓர் இளநீர் ஓட்டையாகி நீர் பீறிட்டது. மேலே இருந்த குரங்கு அதை எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே இருந்தது.

"என்ன மருமகன் இது? நேத்துச் சரியாத்தானே இருந்த?"

மச்சான் ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை நூல் அறுந்து, இரண்டு முனையும் விலகி நின்றன. என்னை ஒரு தரம் பார்த்தார்.

"கஞ்சி காயல்ல போல மாமா. என்ட பிழதான்."

அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் மறுத்திருப்பேன். அதற்கு ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன். அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. வாப்பாவின் முன்னால் அந்தப் பெரிய மனமும் அவருக்கா?

"நான்தான் வாப்பா திருப்பின" என்றேன்.

வாப்பா துவக்கை மடியில் வைத்தார். "எதுக்கு?"

மச்சான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தின சொடுக்குத் திருப்பின?" என்றார் வாப்பா.

"பதினாறு."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

துவக்கை என் பக்கம் நீட்டினார். பதினாறு சொடுக்கு இடப்பக்கம் திருப்பினேன். அறுந்த நூலின் இரண்டு முனையும் நேராக வந்து நின்றன. வாப்பா சுட்டார். டின் கணீரென்று அதிர்ந்தது. குரங்கு மட்டைக்கு மட்டை தாவி வேலிக்கு அப்பால் போனது.

"பறவாயில்ல" என்றார் வாப்பா, என்னைப் பார்க்காமலே. "எண்ணுறதுக்காவது படிச்சிரிக்கான்."

மூன்று வருடம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கஞ்சிக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"இந்தா மச்சான், நூல நீங்க ஒட்டுங்க."

ஒட்டினேன். கோணலாகப் போனது. அவர் அதை நகத்தால் மெல்ல நிமிர்த்திவிட்டார். அதுவும் எனக்கு எரிந்தது.