நாலு நாள் கோமாரி

ராயிசா இக்னாதவ்னாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பதினேழு வருஷம் எங்கள் கூட்டுப்பண்ணைக்கு மாட்டு வைத்தியர். பெரிய பட்டமெல்லாம் கிடையாது. மூன்று வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். ஆனாலும் ஊருக்கு அவள் டாக்டரம்மாதான். மாட்டு வயிற்றில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் தோள்வரை கையை விட்டு வெளியே இழுப்பாள். இழுத்துக்கொண்டே, பக்கத்தில் வோட்கா வாடையோடு நிற்கும் டிராக்டர்காரனின் பரம்பரையையே வெளியே இழுத்துப் போடுவாள். புருஷன் குடித்துவிட்டுக் கையை ஓங்கிய அன்றே அவன் பூட்ஸைச் சன்னல் வழியாகத் தெருவில் வீசினாள். பொறுக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அவளும் தேடவில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் பொய்க்காரி என்று எழுதி வேலையைவிட்டுத் துரத்தினார்கள். பொய் சொன்னாள், உண்மைதான். எதற்குச் சொன்னாள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பத்தாறாம் வருஷம், ஏப்ரல் கடைசி. எங்கள் பக்கம் அப்போதுதான் மாடுகளை மேய்ச்சலுக்கு விடுவோம். ஆறு மாதம் கொட்டிலில் காய்ந்த புல்லைத் தின்ற மாடு பச்சைப்புல்லில் வாய் வைத்தால் இரண்டாம் நாளே பாலின் நிறம் மாறும், மணம் மாறும். அந்தப் பாலை முதலில் பிள்ளைகளுக்குத்தான் ஊற்றுவோம். குளிர்காலம் முழுக்க வெளுத்துக் கிடந்த பிள்ளைகள், கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறட்டும் என்று. அந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்துவிட்டதால் இருபத்து நாலாம் தேதியே மாடுகளை அவிழ்த்துவிட்டோம். இருபத்தாறாம் தேதி விடியுமுன் தெற்கே செர்னோபிலில் அணு உலை வெடித்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஒரு லாரிக்காரன் தண்ணீர் குடிக்க நின்றான். அந்தப் பக்கத்து ஜனங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், உலை எரிகிறதாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். ராயிசா நேராகப் பண்ணை அலுவலகத்துக்குப் போனாள். போர் வந்தால் உதவும் என்று ஒவ்வொரு பண்ணைக்கும் கதிர்வீச்சு அளக்கும் பெட்டி ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அரக்கு முத்திரை போட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பு மாட்டு வைத்தியர். முத்திரையை உடைத்தாள், வெளியே கொண்டுபோய்ப் புல்லின்மேல் பிடித்தாள். முள் துள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் முட்டியது. மாட்டின் மூக்கருகே பிடித்தாள், பால்கேனில் பிடித்தாள். எங்கே பிடித்தாலும் ஆட்டம்தான்.

மாவட்டத்துக்குப் போன் போட்டாள்.

"உங்க பெட்டி பழசு. ரிப்பேர் ஆயிருக்கும்," என்றார் அங்கே ஒரு தோழர்.

"நிலவறைக்குள்ள கொண்டுபோனா முள்ளு படுத்துக்குது, புல்லுமேல வெச்சா எகிறுது. எடம் பாத்து ரிப்பேர் ஆகுமா தோழரே?"

"முத்திரைய யாரு உடைக்கச் சொன்னா?"

"புல்லுதான் சொல்லிச்சு."

"வாய அடக்குங்க. பீதியக் கிளப்பினா கட்சி அட்டை போயிடும்."

"எங்கிட்ட அட்டை எங்க இருக்கு? மாட்டு ஊசிதான் இருக்கு. வேணும்னா வாங்க, போடறேன்."

போனை வைத்துவிட்டார்கள். ராயிசா பெட்டியோடு இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு பண்ணைத் தலைவர் பிரகோப் மத்வேயவிச்சிடம் போனாள். அரசாங்கமே அச்சடித்த புத்தகம். கதிர்வீச்சு விழுந்தால் மாட்டை வெளியே விடாதே, பழைய தீவனம் போடு, புதுப்பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதே என்று தெளிவாக எழுதியிருந்தது. பாலில் இறங்குகிற அயோடின் நஞ்சு பிள்ளைகளின் தொண்டைச் சுரப்பியில், தைராய்டில் போய் உட்காரும். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்றும் இருந்தது.

"பத்து நாள், பிரகோப் மத்வேயவிச். பத்தே நாள் மாட்டைக் கட்டிப்போடுங்க. பரண்ல காஞ்ச புல்லு பன்னண்டு நாளைக்கு இருக்கு, நானே பாத்துட்டு வந்தேன்."

தலைவர் கெட்டவர் இல்லை, தொடைநடுங்கி. ஓய்வுக்கு நாலு வருஷம் பாக்கி. "இது போருக்கு எழுதின புஸ்தகம்மா. இப்ப போரா நடக்குது? மே தின ஊர்வலம் வருது. மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டிய பால் கோட்டா வேற இருக்கு. என்னைக் கொல்லாத, போ."

அன்று மாலை கொட்டில் வாசலில் நின்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கதிர்வீச்சைக் கண்ணால் பார்த்தவன் யார்? அதற்கு ஊர் பயப்படாது. கோமாரி என்றால் பயப்படும். வாயிலும் குளம்பிலும் புண் வந்து ஒரே வாரத்தில் மந்தை முழுக்க விழுந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கோமாரி என்று சந்தேகம் வந்தாலே போதும், வைத்தியர் ஒரு காகிதத்தில் எழுதி ஊரைப் பூட்டலாம். மாவட்ட வைத்தியர் வந்து பார்க்கும்வரை தலைவர்கூடத் திறக்க முடியாது. மே தின விடுமுறையில் அவர்கள் எங்கே உடனே வரப்போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை காலை காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஊர் எல்லையில் மரக்கட்டையைக் குறுக்கே போட்டு, மருந்துத் தண்ணீரில் நனைத்த மரத்தூளைப் பரப்பினாள். பண்ணை மாடு, வீட்டு மாடு எல்லாம் கொட்டிலுக்குள். கறந்த பாலெல்லாம் குழிக்குள். பண்ணைப் பரணைத் திறந்து வீட்டு மாடுகளுக்கும் புல் அள்ளிக் கொடுத்தாள். தலைவர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் கோமாரி என்ற சொல்லுக்கு எதிரே அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஊர் அவளைத் திட்டித் தீர்த்தது. எல்லோரையும்விட அதிகம் திட்டியவள் பக்கத்து வீட்டு ஸ்டெஃபா, பண்ணையில் பால் கறப்பவள். ஐந்து வயதில் ரீத்தா என்று ஒரு பெண் அவளுக்கு.

"ஏண்டி ராயா, என் மாட்டு வாயில புண்ணு எங்கடி இருக்கு? காட்டு, நானும் பாக்கறேன்."

"வரும் முன்ன கட்டிப்போடறதுதான்டி வைத்தியம்."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ. பச்சப்பால் வேணும்னு என் புள்ள கெடந்து அழுவுது."

"அழட்டும். அழுதா ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

"கல்லு நெஞ்சுக்காரி! உனக்குப் புள்ள இருந்தாத் தெரியும்."

ராயிசா உள்ளே போய், தன்னிடமிருந்த டப்பாப்பால் மூன்றையும் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டாள். ஸ்டெஃபா காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் பால் கறக்கும் பெண்கள் இருபது பேருக்கும் தெரியும், மறுநாள் மாவட்டத்துக்குத் தெரியும், பூட்டு உடைந்துவிடும் என்று பயந்தாள்.

நாலு நாள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அந்த நாலு நாளும் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைகூடக் கறந்த பால் குடிக்கவில்லை. பக்கத்து ஊர்களிலெல்லாம் குடித்தார்கள். மே தினத்தன்று காகிதப்பூவும் கையுமாகப் பிள்ளைகளைத் தூசியில் ஊர்வலம் நடத்தி, முடிந்ததும் ஆளுக்கொரு குவளை ஊற்றியும் கொடுத்தார்கள். அடப்பாவிகளா!

சனிக்கிழமை காலை ஜீப் வந்தது. கோட்டா பால் வராவிட்டால் மட்டும் விடுமுறையாவது ஒன்றாவது. மாவட்டத் தலைமை வைத்தியரும், கட்சி அலுவலகத்து இளைஞன் ஒருவனும் இறங்கினார்கள். தலைமை வைத்தியர் பதினாலு மாடுகளின் வாயைப் பிளந்து பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். ஊரே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது.

"புண்ணு இல்ல. கோமாரி இல்ல," என்றார். ராயிசாவின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

தலைவருக்கு உயிர் வந்தது. விருந்தாளிகளுக்குக் கறுப்பு ரொட்டி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, அப்போதுதான் கறந்த பால் ஒரு ஜாடி என்று மேஜையில் வைக்கச் சொன்னார். தலைமை வைத்தியர் ஜாடியை ஒதுக்கிவிட்டுத் தன் பையிலிருந்து மீன் டப்பாவையும் பிளாஸ்க்கையும் எடுத்தார். ராயிசா அதைப் பார்த்துவிட்டாள்.

"பதினேழு வருஷமா உங்களைத் தெரியும். மூணு குவளை பால் குடிக்காம எந்த ஊர்லேருந்தும் நீங்க எழுந்ததில்ல. இன்னிக்கு என்ன மீனு?"

"வயித்துல புண்ணும்மா."

"வயித்துலயா புண்ணு? மாட்டு வாயில தேடினீங்களே, அங்க இல்லாததெல்லாம் உங்க வயித்துக்கு வந்துடுச்சா? குடிங்க! இத்தனை பேரு பாக்கறாங்க, ஒரு வாய் குடிங்க!" ஜாடியைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு டப்பாவைத் திறந்தார். அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவன் வாயைத் திறக்கவில்லை. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, என் வாய்தான் நாறும்.

பிறகு ராயிசா ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "கோமாரி இல்லதான். பொய்தான் சொன்னேன். உலை வெடிச்சிருக்கு. புல்லெல்லாம் நஞ்சு. மாட்ட இன்னும் ஆறு நாள் வெளிய விடாதீங்க, புள்ளைங்களுக்குப் பால் குடுக்காதீங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்!"

வேலியோரமிருந்து ஒருத்தன் ஆரம்பித்தான்: "நேத்து கோமாரி, இன்னிக்கு அணு. நாளைக்கு என்ன டாக்டரம்மா, பிளேக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும்? நாலு நாள் எங்களை ஏமாற்றினவள்தானே என்று ஆத்திரமாக இருந்தது.

கட்சி இளைஞனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். மேலே உள்ளவர்கள் அவனுக்கும் சொல்லவில்லை. "குடுங்க இங்க," என்று ஜாடியை வாங்கி, இரண்டு குவளை ஊற்றி மடமடவென்று குடித்தான். மீசை இல்லாத மேலுதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அருமையான பால்!" என்றான். ஊர் கைதட்டியது. ஸ்டெஃபாவும் தட்டினாள். மத்தியானம் மாடுகள் புல்லுக்குப் போயின, சாயங்காலம் ரீத்தாவுக்குக் குவளை நிறையப் பால் வந்தது.

பொய்த் தகவல் கொடுத்துப் பண்ணைக்கு நஷ்டம் விளைவித்தவள் என்று எழுதி ராயிசாவை நீக்கினார்கள். அதே கொட்டிலில் சாணி அள்ள விட்டார்கள். மே மாதம் பாதி கழிந்தபோது மாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: முன்னெச்சரிக்கையாகக் குழந்தைகளுக்கு உள்ளூர்ப் பால் கொடுப்பதைத் தவிர்க்கவும். முன்னெச்சரிக்கையாம்! குடித்து முடித்து, தொண்டையில் இறங்கி, உட்காரவேண்டிய இடத்தில் உட்கார்ந்த பிறகு. ராயிசா அந்தக் காகிதத்தை அலுவலகச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு போய்த் தலைவர் மேஜையில் சாணிக்கையோடு அறைந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தலைமை வைத்தியர் ஓய்வு பெற்றபோது பதக்கம் கொடுத்தார்கள்.

தொண்ணூறில் ஊரைக் காலி செய்து எங்களை மின்ஸ்க் ஓரத்து அடுக்குமாடிகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஸ்டெஃபா மூன்றாவது மாடி, ராயிசா ஐந்தாவது. அடுத்த வருஷம் ரீத்தாவின் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பத்து வயது. தைராய்டில் புற்று என்றார்கள். அறுவை நடந்த அன்று ஸ்டெஃபாவோடு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார ராயிசாவும் போனாள். அந்தத் தாழ்வாரத்தில் எங்கள் பக்கத்து ஊர்த் தாய்மார்கள் இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டெஃபாதான் பேச்சை எடுத்தாள். "எப்ப குடிச்சா, எவ்வளவு குடிச்சான்னு டாக்டர் கேட்டு எழுதிக்கிட்டாரு. மே மூணுலேருந்து தினம் ரெண்டு குவளைன்னேன். இந்தக் கையாலதான்டி ஊத்தினேன்."

"உம்மேல தப்பில்ல ஸ்டெஃபா. அந்த நாசமாப் போறவனுங்க—"

"அவனுங்கள விடு. அவனுங்க கதவெல்லாம் பூட்டியிருக்கு, நான் எங்க போய்க் கேக்கறது? உன்னைக் கேக்கறேன். நாலு நாள் பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு இன்னும் ஆறு நாள் சொல்லத் தெரியலையா? மாட்டு வாயில ஒரு புண்ணு உண்டாக்க உனக்குத் தெரியாதாடி? நீ டாக்டரம்மாதானே?"

"தெரியும்," என்றாள் ராயிசா. "வெள்ளிக்கிழமையே காஸ்டிக் சோடாவைக் கரைச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். ஒரு மாட்டு நாக்குல தடவினா போதும், வெந்து புண்ணாயிடும், மாவட்டத்துக்காரன் அதைப் பாத்துட்டு ஊரை இன்னும் மூணு வாரம் பூட்டியிருப்பான். உன் மாட்டைத்தான் புடிச்சேன். அது எங்கைய நக்குச்சு. மனசு வரல. கொட்டிட்டேன்."

ஸ்டெஃபா எழுந்து நின்றாள். பளார் என்று அறைந்தாள். ராயிசா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மற்ற தாய்மார்கள் ஓடிவந்து ஸ்டெஃபாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அவர்களை உதறினாள். ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தக்கூடிய ஸ்டெஃபா, ராயிசாவின் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னாள்:

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் மாட்ட நானே புடிச்சு அது நாக்க நானே சுட்டிருப்பேனேடி."

நர்ஸ் வந்து, பிள்ளை கண் விழித்துவிட்டாள், ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றாள். ஸ்டெஃபா போனாள்.