குள்ள ஹாம்ஸ்டருக்குக் கூடு வாங்கப் போன கதை

சபையில் பெண்கள் கூட்டம் முடிந்து, கையில் வேதப்புத்தகத்தோடு நேராகக் கோட்டாறு செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். மகளின் குள்ள ஹாம்ஸ்டருக்கு ஒரு கூடு வேண்டும். கட்டைவிரல் அளவு வளர்ப்பு எலி. பக்கத்து வீட்டுப் பூனையோ எங்கள் ஜன்னலிலேயே குடியிருக்கிறது.

கடைக்காரர் ரோஸ் நிறக் கம்பிக் கூட்டை எடுத்து வைத்தார். “ரெண்டு மாடியாக்கும், அக்கா. பிள்ளேளுக்கு இதுதான் பிடிக்கும்.”

கம்பிகளுக்கு நடுவே என் கட்டைவிரல் தாராளமாகப் போய் வந்தது. சக்கரமும் வெறும் கம்பி. கால் மாட்டினால் ஒடியும். குழி தோண்ட மரத்தூள் போடலாமென்றால் அடித்தட்டுக்கு ஆழமே இல்லை.

“இது லவ்பேர்ட்ஸ் கூடுல்லா?” என்றேன்.

“எல்லாம் ஒண்ணுதான், அக்கா. மத்ததக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு.”

என் கையிலிருந்த வேதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம்!

அப்போதுதான் அவர் விற்க வைத்திருந்த ஹாம்ஸ்டர்களைக் கவனித்தேன். பழைய மீன்தொட்டி, மேலே வலைமூடி, உள்ளே மரத்தூளைக் குடைந்து சுகமான தூக்கம்.

“உங்க எலியளுக்கு மட்டும் எதுக்கு கண்ணாடித் தொட்டி?”

“கம்பிக் கூட்டுல போட்டா சாடிப் போயிருமுல்லா, அக்கா!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

நானும் வலைமூடி போட்ட மீன்தொட்டியே வாங்கி வந்தேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார், சந்தேகமில்லை. அதற்குத்தானே எனக்குக் கண்ணும் கட்டைவிரலும் தந்திருக்கிறார்.

அந்த ரோஸ் மாடி வீட்டை ஏற்கெனவே வாங்கிய மகராசிகளே, உங்கள் ஹாம்ஸ்டர் இப்போது எங்கே இருக்கிறது?