கோட்டைக் கிழித்தவர்

என் அக்கா புருஷன் தையல்காரர். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடும் கடை. பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, தேய்ந்த காலரைத் திருப்பித் தைப்பது என்று பிழைப்பு ஓடியது. அதில் அக்காவுக்குக் குறையில்லை. அவளும் தையல் தெரிந்தவள், அதுதான் வினை. மாமா தைத்துக் கொண்டுவரும் எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைத்துவிடுவாள். அவள் வாயால் "நல்லாயிருக்கு" என்று ஒரு வார்த்தை வாங்க, கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் படாத பாடில்லை. சண்டை வந்தால் மட்டும் கேட்பாள்: "வாழ்க்கையில அப்படி என்னத்தக் கிழிச்சீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே வந்து சேர்ந்தது சினிமா வேலை. எதிர்காலத்தைப் பற்றிய படம். உலகம் பாழாகி, மிச்ச ஜனங்கள் கந்தலில் அலைகிறார்களாம். கிழிக்க ஆள் தேவை. ஹீரோவுக்கு நீளக் கோட்டு, ஒரே அளவில் ஏழு. முதலாவது முழுசு. சண்டைக்குச் சண்டை சேதம் ஏறி, ஏழாவது வெறும் கந்தல். கத்தி பட்ட இடம் நேராக அறுந்திருக்க வேண்டும், கம்பியில் மாட்டிய இடம் பிசிறடிக்க வேண்டும் என்று மாமா உயிரைக் கொடுத்தார். உப்புத்தாளால் முழங்கையைத் தேய்த்தார், டீத்தண்ணீரில் ஊறவைத்தார், கூடத்தில் உட்கார்ந்து மெழுகுவத்தியில் ஓரங்களைக் கருக்கினார். நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்துவிட்டதோடு சரி, அக்கா அபிப்பிராயம் சொல்லவில்லை. படம் வரட்டும், திரையில் பார்த்துச் சொல் என்றார் மாமா.

படம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

குடும்பத்தோடு போனோம். மாமா புது மாப்பிள்ளை மாதிரி அக்காவுக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தார். எதிர்காலத்தில் சூரியன் இருக்காதாம், ஒரே இருட்டு. தண்ணீரும் இருக்காதாம். சொட்டுத் தண்ணீருக்கு ஜனம் அடித்துக்கொள்கிறது, ஹீரோவின் தலைமுடி மட்டும் ஷாம்பு போட்ட பளபளப்பில் பறக்கிறது. ஊரே பட்டினி, ஆனால் அடியாட்களுக்கெல்லாம் தூண் தூணாகக் கை. அவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறதென்று கதை எழுதியவர் யோசிக்கவில்லை. சர்வாதிகாரி இரும்பு முகமூடிக்குள்ளிருந்து பேசினான், ஒரு எழவும் புரியவில்லை. புரிந்த கொஞ்சமும் லெக்சர்.

முதல் சண்டையிலேயே மாமா தலையில் கல் விழுந்தது. ஹீரோ கந்தல் கோட்டோடு மாடியிலிருந்து குதித்தான். தரையில் இறங்கும்போது கோட்டு புத்தம் புதுசு. ஒரு உதை விட்டான், தோள்பட்டை பிய்ந்து தொங்கியது. திரும்பினான், தோள்பட்டை ஒட்டிக்கொண்டது. எந்தக் காட்சிக்கு எந்தக் கோட்டு என்று பார்க்காமல், கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். தூங்கி வழிந்த தியேட்டர் விழித்துக்கொண்டது. முன்வரிசையிலிருந்த ஒரு தடியன் உரக்கச் சொன்னான்:

"டெய்லரும் பின்னாடியே ஓடுறான் போல."

தியேட்டரே சிரித்தது. அதற்கப்புறம் கோட்டு மாறும்போதெல்லாம் "டெய்லர், டெய்லர்" என்று ஒரே கூச்சல். மாமா இருக்கைக்குள் ஒடுங்கிப்போனார். வெளியே போய்விடலாமா என்று அக்காவிடம் மெல்லக் கேட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. டைரக்டரைப் பிடித்து அந்த ஏழாவது கோட்டுக்குள் வைத்துத் தைத்துவிடலாம் போல ஆத்திரமும் வந்தது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இருங்க என்று மட்டும் சொன்னாள். படம் முடியும்வரை முன்னால் குனிந்து உட்கார்ந்தே பார்த்தாள்.

வெளியே வரும்போது, தடியன் படிக்கட்டில் நின்று கூட்டாளிகளுக்கு டெய்லர் கதையை மறுபடி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மாமா தலையைக் குனிந்து ஓரமாக நழுவப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து அவன் முன்னால் நிறுத்தினாள்.

"அந்த டெய்லர் இவர்தான். ஏழு கோட்டும் எங்க வீட்டுக் கூடத்துல வெச்சுக் கிழிச்சது. ஒவ்வொரு கிழிசலும் அவ்வளவு நல்லாயிருக்கு. மாத்தி மாட்டினவன் எவனோ, அவனைப் பார்த்துச் சிரி."

தடியன் என்னவோ முணுமுணுத்தான். மாமா காதில் அது ஏறவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தையை அவள் அவரிடம் சொல்லவில்லை, வழியில் போகிற எவனிடமோ சொல்லியிருந்தாள். "என்ன சொன்னே? இப்ப என்ன சொன்னே?" என்று கேட்டுக்கொண்டே அவர் படியில் நின்றுவிட்டார். அக்கா பாட்டுக்கு இறங்கிப் போனாள், பின்னால் வந்த கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கியது.