கதிர்காமநாதனின் பெருவிரல்

வன்னியில், ஸ்கந்தபுரத்தில் தண்ணி மோட்டர் பழுதானால் ஒருவரும் யோசிப்பதில்லை. சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நேரே கதிர்காமநாதன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேப்பமரத்தடியில் வீல்செயரில் இருந்தபடி, மடியில் பழைய சாக்கை விரித்து, கொண்டுவந்தவரை நன்றாக ஏசிவிட்டுத்தான் மனிதர் வேலையைத் தொடங்குவார். மோட்டரைத் தண்ணியில்லாமல் ஓடவிட்டவனுக்கு அர்ச்சனை இன்னும் கொஞ்சம் கூட. அதற்காக ஒருவரும் வேறிடம் போனதில்லை. வாய் எப்படியோ, கை தங்கம்.

கால்தான் வேலை செய்யாது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்ப் பல வருசம். புதிதாக வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "எந்த இடத்தில அண்ணை காயப்பட்டனீங்கள்?" என்று கேட்பார்கள். கதிர்காமநாதனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "காயமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. யானைக்குக் காவலிருந்த பரணால இறங்கேக்க சறுக்கி விழுந்தனான்" என்பார். அவ்வளவு சண்டையையும் நடந்தே கடந்துவந்த மனிதன், மீள்குடியேறி முதல் நெல் கதிர் தள்ளிய நேரத்தில் ஓர் ஏணிப்படியிடம் தோற்றுப்போனார். இந்தக் கூத்துக்குச் சிரிப்பதா அழுவதா? அவர் சிரித்தார், மனைவி விமலேஸ்வரி அழுதாள். பிறகு இருவரும் மாறி மாறிச் செய்து பழகிக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் அவரை விடவில்லை. காலையில் கட்டிலில் எழும்பி இருந்ததும் வலதுகால் பெருவிரலை முறைத்துப் பார்த்து, மடங்கு என்று மனதுக்குள் கட்டளை போடுவார். விரல் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். தேத்தண்ணியோடு வரும் விமலேஸ்வரி விரலைக் காட்டி, "என்னவாம் துரை?" என்பாள். "இண்டைக்கும் லீவாம்" என்பார் இவர்.

பகிடிதான். ஆனால் உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. வயர் அறுந்தது தெரியும்; மேலே கறண்ட் இருக்கிறதா, அதுவும் போய்விட்டதா? தான் போடும் கட்டளை உண்மையிலேயே புறப்படுகிறதா, இல்லை எல்லாம் வெறும் நினைப்பா? நடப்பதைப் பற்றி அவர் ஆசைப்படவில்லை. இதை மட்டும் யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் டொக்டர் சுரேகாவின் அழைப்பு வந்தது. மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், கொழும்பில் ஆராய்ச்சி செய்கிறவள். முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண் அடிபட்டவர்களின் மூளையையும் முண்ணாணையும் காந்த இயந்திரத்தில் படம் பிடிக்கும் வேலை.

"உள்ள படுத்துக்கிட்டுக் காலை அசைக்கப் பார்க்கணும் அண்ணா. அசையாட்டியும் பரவாயில்ல. மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு படத்துல தெரியும்" என்றாள்.

கதிர்காமநாதன் கையில் இருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உடம்புல இரும்பு ஏதும் இருக்கா? காந்தம் இழுத்திரும், ஆபத்து."

"சீச்சீ. நான் பரணால விழுந்த ஆள்."

புருசனும் பெண்சாதியும் வாடகைக்கு வான் பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள். இயந்திரத்துக்குள் விடுமுன் ஓர் எக்ஸ்ரே. அதைத் தூக்கிக்கொண்டு வந்த சுரேகாவின் முகம் வாடியிருந்தது. இடது புயத்தில் அவரைக்கொட்டை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"இது என்ன அண்ணா?"

"அதோ? சண்டை நேரம் செல் வெடிச்சுப் பறந்த பீஸ்."

"இரும்பு இல்லைன்னு சொன்னீங்களே."

"இரும்பெண்டால் தகடு, ஆணி எண்டு நினைச்சன். இது எல்லாரிட்டையும் இருக்கிறதுதானே பிள்ளை."

மனிதர் பொய் சொல்லவில்லை. வன்னியில் அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? முண்ணாண் அடிபடாத ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், கூட வந்தவர்களையே படம் எடுக்கலாம் என்று சுரேகா நினைத்திருந்தாள். இப்போது சந்தேகத்தோடு விமலேஸ்வரியைப் பார்த்தாள்.

"எனக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்டு. மழை வாறதெண்டால் முதலே சொல்லிப்போடும்" என்றாள் விமலேஸ்வரி.

வான் ஓட்டி வந்த சுஜிதன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "எனக்கு முதுகில ரெண்டு, டொக்டர்" என்றான்.

சுரேகா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு ஒருவரையும் இயந்திரத்துக்குள் விடவில்லை.

வீட்டுக்கு வந்த கதிர்காமநாதன் ஒருவரையும் ஏசவில்லை. ஊரே பயந்துபோனது. பிறகு ஒருநாள், பீஸை எடுக்கப் போகிறேன் என்றார். இதற்காக வெட்ட வேண்டாம் என்று சுரேகா போனில் கெஞ்சினாள். விமலேஸ்வரி கெஞ்சவில்லை, பாய்ந்தாள். "இவ்வளவு காலமும் ஒரு கரைச்சலும் தராமல் கிடக்கிறதை ஏனப்பா கிளப்புறியள்?"

"குத்தகை முடிஞ்சுது. எழும்பத்தானே வேணும்."

தோலுக்குக் கீழே உருண்டுகொண்டிருந்த பீஸை, விறைப்பூசி போட்டு ஒரு டொக்டர் சுலபமாக எடுத்துக் கையில் கொடுத்தார். கதிர்காமநாதன் அதைக் கழுவி, பழைய நட்டுகள் போடும் பால்மா டின்னுக்குள் போட்டார்.

காயம் ஆறியதும் மறுபடி கொழும்பு. எக்ஸ்ரேயில் புள்ளி இல்லை. இயந்திரத்துக்குள் தலை போனதும் அது வயல் உழும் லாண்ட்மாஸ்டர் மாதிரி இரைந்தது. பெயாரிங் சரியில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். கண்முன்னே வெளிச்சம் வரும்போதெல்லாம் பெருவிரலுக்குக் கட்டளை போட்டார். வீட்டில் போடுகிற அதே கட்டளைதான். வேர்த்துக் கொட்டியது.

பிறகு சுரேகா இருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். முண்ணாண் அடிபட்ட இடத்தில் நூலாக மெலிந்திருந்தது. மூளையின் உச்சியில், நடுப்பிளவின் ஓரமாக, ஒரு செம்மஞ்சள் பொட்டு.

"இதுதான் காலுக்குரிய இடம். நீங்க முயற்சி செய்யுற நேரமெல்லாம் இது வேலை செய்யுது. ஆனா அண்ணா, இதனால நடக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன்."

"அது எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார் கதிர்காமநாதன். "கறண்ட் இருக்கு. அவ்வளவும் போதும்." சிரிக்கத்தான் பார்த்தார், கண்ணீர் முந்திக்கொண்டது. விமலேஸ்வரி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பிய அடுத்த நாள் காலை அவர் வழக்கம்போலக் கட்டிலில் இருந்து விரலை முறைத்தார். விமலேஸ்வரி தேத்தண்ணியை யன்னலில் வைத்தாள். துரையை விசாரிக்கவில்லை. கீழே குந்தி, அவருடைய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"விரலுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"ஓம். சொன்னனான்."

அவள் பெருவிரலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள்.