கரண்ட் இல்லாத மிஷின்கள்

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் உட்கார்ந்து இதை நிதானமாகப் படியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா கொண்டுவந்து காட்டிய நோட்டீசை நான் ஏன் கிழித்துப் போட்டேன் என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல ஆரம்பித்தால் சத்தம்தான் வருகிறது. இலவசத் தொழிற்பயிற்சி, முடித்தவுடன் வேலை, சர்டிபிகேட் உண்டு என்று அதில் போட்டிருந்தது. இதே மூன்று வார்த்தைகளை நம்பித்தான் உங்கள் அத்தை கையில் இருந்த வேலையை விட்டாள். அவளுடைய ஆள்காட்டி விரலைப் பார்த்திருப்பீர்கள், நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளரும். கேட்டால் கதவில் நசுங்கியது என்பாள். கதவு ஒன்றும் செய்யவில்லை.

அதை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவளுடைய கால்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மிஷினுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பலகையின் மேல் பாதத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் அமுக்கினாள். மிஷின் அசையவில்லை. அசையாது. அதற்குக் கரண்ட் கொடுக்கவே இல்லை.

அப்போது பாப்பா இரண்டாம் வகுப்பு படித்தாள், தம்பி கைக்குழந்தை. அத்தைக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்ததோடு படிப்பு நின்றுபோய், சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்று நான் சும்மா எழுதவில்லை. காலையில் கடை திறந்ததில் இருந்து ஷட்டர் இறக்கும் வரைக்கும், சாப்பிடுகிற நேரம் தவிர உட்காரக் கூடாது. உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. வீட்டுக்கு வந்தால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள். பழங்காநத்தத்தில் பவர் மிஷின் தையல் பயிற்சி தருகிறார்கள், முடித்தால் கப்பலூர் கம்பெனியில் வேலை என்று கேள்விப்பட்ட அன்றைக்கு அவள் முகம் இருந்ததே, அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் நான் அவளிடம் பார்த்ததில்லை.

"உக்காந்து பாக்குற வேலைண்ணே" என்றாள். அந்த வாரமே கடையை விட்டு நின்றாள்.

எனக்கு அப்போதும் இதே லோடு வண்டிதான். சிம்மக்கல்லில் பழைய தையல் மிஷின்களை வாங்கி விற்கிற ஒருவர் எனக்கு வாடிக்கையாக லோடு கொடுப்பார். அவரிடம் பன்னிரண்டு பவர் மிஷின்கள் தனியாக இருந்தன. அவை விற்பனைக்கு இல்லை. ஒரு நாள் மேலூர், ஒரு நாள் திருமங்கலம், ஒரு நாள் உசிலம்பட்டி என்று காலையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவேன். எதற்கு என்று முதலில் கேட்கவில்லை. பிறகு தானாகப் புரிந்தது. பயிற்சி மையத்துக்குச் சோதனைக்கு அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் மையத்தில் மிஷின் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பன்னிரண்டும். புரிந்த பிறகும் நான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். நமக்கென்ன, லோடுதானே என்று இருந்தேன். இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

ஒரு நாள் பழங்காநத்தத்துக்குப் போ என்றார்கள். பர்னிச்சர் கடைக்கு மேலே ஒரு மாடி. குறுகலான படி. லோடுமேன்கள் ரெண்டு பேரோடு நானும் ஒரு கை பிடித்து ஏற்றினேன். மேலே போனால், இருபது இருபத்தைந்து பிள்ளைகள் புது மஞ்சள் டீ-சர்ட்டைச் சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மடிப்புக்கூடக் கலையவில்லை. நடுவில் என் தங்கச்சி. அவள் போகிற மையமும் இதே கணக்கில் வரும் என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. அவள் மையத்தில் சேர்ந்து இரண்டு மாதம் முடிந்திருந்தது. அத்தனை நாளும் நோட்டில் மிஷினின் படம் வரைந்து பாகம் குறித்தார்கள், செய்தித்தாளைச் சட்டைக் காலர் மாதிரி வெட்டினார்கள். மிஷினை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

மையத்து மேனேஜர் பிள்ளைகளை மிஷினுக்கு ரெண்டு பேராக வரிசையாக உட்கார வைத்தார். மிஷின்களின் வயர்கள் சுற்றியது சுற்றியபடியே மேசைக் காலில் கட்டிக் கிடந்தன. பிளக்கைச் சொருகினால் கட்டடத்தின் ஃபியூஸ் போய்விடும் என்றார். "யாரும் கேமராவப் பாக்காதீங்கம்மா. குனிஞ்சு துணியப் பாருங்க. கால நல்லா அமுக்குங்க, போட்டோல ஓடுற மாதிரி தெரியணும்" என்றார். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை வாயாலேயே டர்ர்ர் என்று மிஷின் சத்தம் போட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. மேனேஜரும் சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நூல் எந்த ஓட்டை வழியாகப் போய் எந்தக் கொக்கியில் ஏறி ஊசிக்கு வருகிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலை வைத்து, சொன்னபடி அமுக்கினாள்.

அதிகாரி வந்தார். பிள்ளைகளின் தலையை எண்ணினார். போனில் போட்டோ எடுத்தார். ஒரு மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். "இன்னைக்கு ஏரியா ஷட்டவுன் சார்" என்றார் மேனேஜர். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குனிந்து கையெழுத்துப் போட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஃபேனை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு மனுஷன் தன் மண்டையில் காற்றுப் படப்பட, கரண்ட் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறான். அவன் வீட்டுப் பிள்ளை அந்த மிஷினில் உட்கார்ந்திருந்தால் போடுவானா அந்தக் கையெழுத்தை?

சாயங்காலம் நான் மிஷின்களை இறக்கி வண்டியில் ஏற்றும்போது அத்தை கீழே வந்தாள். "அண்ணே, நாளைக்கும் கொண்டு வருவியா?" என்று கேட்டாள். மறுநாள் அவை போக வேண்டிய ஊர் வேறு. "வரும்த்தா, வராம எங்க போகும்" என்றேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவள் சந்தோஷமாக இருந்தாள், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது தெரிகிறது, என் லோடு கெட்டுவிடக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து எல்லாருக்கும் சர்டிபிகேட் கொடுத்தார்கள். உங்கள் அத்தைக்கு ஏ கிரேடு. கப்பலூரில் ஒரு ரெடிமேட் கம்பெனிக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு டீ சொன்னேன். டீ ஆறுவதற்குள் வந்துவிட்டாள். விரலில் வெட்டுத் துணி சுற்றியிருந்தது, துணி முழுக்கச் சிவப்பு.

உள்ளே இரண்டு துணியைக் கொடுத்து நேராக ஒரு தையல் போடச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் காலைப் பட்டும் படாமலும் வைத்து ஓட்டுகிறார்கள். இவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தனக்குச் சொல்லிக் கொடுத்தபடி பாதத்தை வைத்து முழு பலத்தோடு அமுக்கியிருக்கிறாள். மிஷின் பறந்திருக்கிறது. துணியோடு விரலும் உள்ளே போய், ஊசி நகத்தைத் துளைத்து அப்படியே நின்றுவிட்டது. சூப்பர்வைசர் அம்மா ஓடிவந்து, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைத் தூக்கி விட்டிருக்கிறார். கட்டுப் போட்டுவிட்டு, "யாரும்மா உனக்கு இப்படி அமுக்கச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாராம். திட்டவில்லை, கேட்டார். இவள் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டியிருக்கிறாள். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரல் ஆறினதும் பிசிறு வெட்டுகிற பக்கம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். பிசிறு வெட்டுவது என்றால், தைத்து முடித்த துணியில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது. நின்றுகொண்டு பார்க்கிற வேலை.

வண்டியில் திரும்பும்போது அவள் அழவில்லை. திடீரென்று, "அதுல கரண்ட் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லண்ணே" என்றாள்.

பிள்ளைகளா, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவர்கள் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியாவது ஒரு பிள்ளை புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கும். அவர்கள் தப்பாகப் பழக்கிவிட்டார்கள். தெரியும் என்று நம்ப வைத்து, அதற்கு ஏ கிரேடும் போட்டு, ஓடுகிற மிஷினுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஏழைப் பிள்ளை என்றால் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு உட்காரும் என்று தெரிந்தே செய்தார்கள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு நேரே பழங்காநத்தத்துக்குப் போனேன். மேனேஜர் என்னை உட்கார வைத்து, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, நான் கத்தி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மிஷின யாருண்ணே கொண்டாந்து இறக்குனது? நீங்களும் அன்னைக்கு நின்னு சிரிச்சுக்கிட்டுத்தான இருந்தீங்க." டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

அத்தை பிசிறு வெட்டப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் தையல் லைனில் இருந்த ஒரு அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி, கிடைத்த கால் மணி நேரம் அரை மணி நேரத்தில் மிஷினில் உட்கார்ந்து பார்த்து, மறுபடி முதலில் இருந்து கற்றுக்கொண்டாள். இன்றைக்கு அந்தக் கம்பெனியில் லைனில் உட்கார்ந்து தைக்கிறாள், அது உங்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் ஆனது என்பது தெரியாது. கரண்ட் இருக்கிற ஒரு மிஷினைக் கொடுத்திருந்தால் ஒரு மாதத்தில் வந்திருக்கும். அந்த இரண்டு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது? அந்த மாடியில் இப்போது ஜிம் நடக்கிறது. அங்கே எல்லா மிஷினும் ஓடுகிறது.

பாப்பா, நீ எதையும் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்லபடியாகச் சொல்லிக் கொடுக்கிற இடமும் இருக்கும். நோட்டீசைக் கிழித்தது தப்பு. நீயும் நானும் நேரில் போய்ப் பார்ப்போம். போய், சுவிட்சைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுவோம். நாளைக்கு வாங்க என்று சொன்னால் நாளைக்கும் போவோம்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அத்தைக்கு அடிபட்ட வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை நான் லோடுக்குப் போகவில்லை. கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள் அது. வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் கூப்பிட்டார்கள், போகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் ஒரு அட்டையை வைத்து நானே எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்படி இருக்கும், உங்களுக்கே தெரியும். மிஷின்கள் யாருடையவை, எந்தெந்த ஊருக்குப் போயின என்று எல்லாவற்றையும் எழுதினேன். எந்த வண்டியில் போயின என்கிற இடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. அதை எழுதினால் சிம்மக்கல்லில் எனக்கு லோடு கிடையாது என்று தெரியும். பிறகு கீழே இறங்கி, வண்டிக்கு முன்னால் போய் நின்று, மனப்பாடமாகத் தெரிந்த நம்பர்தான் என்றாலும், பிளேட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.