அண்ணையிடம் கேட்ட ஞாயிற்றுக்கிழமை

மகள் தன் லிசே பள்ளிக்கூட வகுப்பில் பேச வேண்டியதை, பாரிசுக்கு வெளியே கார்ஜில் உள்ள எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் ரயில் தொழிலாளருக்கு எட்டு மணித்தியால வேலைநாள் என்று சட்டம் கொண்டுவந்த கதை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அன்று திங்கள், கிழமையில் எனக்கிருந்த ஒரே ரெப்போ. அந்த ஓய்வுநாளிலும் நான் வேலை செய்யும் ரூ பெர்தொனே தெருச் சாப்பாட்டுக் கடையிலிருந்து போன் வரும், ரொட்டிக்கு மா குழைக்க ஆளில்லை என்று.

"நல்ல மனுசன் போல," என்றேன்.

"அவர் சும்மா குடுக்கேல்லை, அப்பா," என்றாள், பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாக. "ரயிலை நிப்பாட்டுவம் எண்டு அந்தத் தொழிலாளர் சொன்ன பிறகுதான். உங்களுக்கும் சாப்பாட்டுக்கடைத் தொழில் ஒப்பந்தப்படி கிழமைக்கு ரெண்டு நாள் ரெப்போ இருக்கு. ஏன் கேக்கிறியளில்லை?"

ஏன் கேட்பதில்லையாம்! யாரிடம் போய்க் கேட்பது? கடைக்காரர் எனக்கு அண்ணை. கூடப் பிறந்தவரில்லை. ஆனால் நான் பாரிசில் வந்திறங்கியபோது படுக்க இடம் தந்தவர்; விசா அலுவலுக்கு பிரெபெக்சர் அலுவலக வாசலில் குளிரில் என்னோடு வரிசையில் நின்றவர். மகளுக்குப் பெரியப்பா. அவரிடம் சட்டம் பேசுவதா? சீ!

மறுநாள் காலை ரயிலில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. கார் து நோர் நிலையம் வரை கதவடியிலேயே நின்றேன்.

கடையில் கொத்துரொட்டித் தகடு வழக்கத்தைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டது.

"என்னடாப்பா, ரொட்டியோட சண்டையோ?" என்று அண்ணை சிரித்தார்.

"அண்ணை, எனக்கு ஞாயிறும் திங்களும் ரெப்போ வேணும். இல்லாட்டி இனி நான் வேலைக்கு வரமாட்டன்."

சிரிப்பு நின்றது. "நான் உன்னை வேலைக்காரனாவோ வச்சிருக்கிறன்? எங்கட வீட்டுப் பிள்ளை எல்லோ நீ?"

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "வீட்டுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையோ, அண்ணை?"

அவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"சரி, ரெண்டு நாளும் எடு," என்றார். "ஆனா இனி என்னை அண்ணை எண்டு கூப்பிடாதை."

ஒரு மன்னிப்புக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. குனிந்து ரொட்டியைக் கொத்தினேன்.

வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள் ஓடிவந்தாள்.

"கேட்டனீங்களோ, அப்பா? பெரியப்பா ஓம் எண்டவரோ?"

"முதலாளி ஓம் எண்டிட்டார்," என்றேன்.